முப்பத்தெட்டு கிலோ ஓம்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவிவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது. இது நான் கட்டிய கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது. அண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன், நன்றாகவே தெரியும். "உங்க சட்டை நாளைக்கு ரெடி" என்று தினம் பத்து பேரிடம் சொல்லிப் பிழைக்கிற தொழில் அவர்களுடையது. ஆனால் இந்த ஒன்றை மட்டும் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்று முறையும் மணி மாறவில்லை. எண்ணும் மாறவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

அண்ணனும் அண்ணியும் சலவைக் கடை வைத்திருந்தார்கள். ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில், தரைக்குக் கீழே இருக்கிற அடித்தளம். முன் அறையில் ஆறு வாஷிங் மெஷின், ஒரு கவுண்டர். பின் அறையில் துணி மடிக்கிற பெரிய மேஜை. மேஜைக்கு நாலடி தள்ளி, மூலையில், இரும்பு மூடி போட்ட ஒரு குழி. ஆறு மெஷினின் அழுக்குத் தண்ணீரும் அந்தக் குழியில்தான் விழும். மோட்டார் அதை மேலே தெருச் சாக்கடைக்குத் தள்ளும். மோட்டார் ஓடாவிட்டால் கடை முழுக்கத் தண்ணீர்.

அந்தக் குழியை நான் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். ஜென்மத்துக்கும் போதும். சோப்பு நுரை காய்ந்து, சாம்பல் நிறத்தில், பால் ஆடை மாதிரி மேலே படிந்திருக்கும். அதில் ஊரார் தலைமுடி, பஞ்சு, பிய்ந்த பட்டன், யாரோ சட்டைப்பையில் மறந்த காகிதக் கூழ். கம்பால் தொட்டால் அந்த ஆடை கிழியாது, கூடவே இழுபட்டு வரும். நாற்றம் மூக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அன்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை குளித்தேன். அப்படியும் ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மோட்டாரை ஓட்ட முன்பு ஒரு மிதவை இருந்தது. தண்ணீர் ஏறினால் அதுவும் ஏறி சுவிட்சைத் தட்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறை அதில் முடி சுற்றிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். அண்ணன் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி, வெறும் கையால் முடியைப் பிய்த்துப் போடுவான். எட்டு வருடம் இப்படியே ஓடியது. அவனுக்குச் சர்க்கரை வியாதி வேறு. இடது காலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தது. பத்தே நாளில் அது குழிப்புண்ணாகி, பாதம் வீங்கி, இரண்டு விரல்கள் கறுக்க ஆரம்பித்தன.

டாக்டரம்மா மருந்து வைத்துக் கட்டுப் போட்டார். அன்று சனிக்கிழமை.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இந்தக் கட்டை யாரும் பிரிக்கக் கூடாது. நான்தான் பிரிப்பேன். அந்தத் தண்ணி இன்னொரு தடவை பட்டுச்சுன்னா ரெண்டு விரலையும் எடுத்துட வேண்டியதுதான். இப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள்: "இனிமே நீங்க குழியில எறங்கக் கூடாது. மோட்டார் தானா ஓடணும். அதை நான் பார்த்துக்கறேன்."

"நீயா?"

"ஏன், நான்தான்."

அண்ணி பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. அன்று சாயங்காலமே உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு சின்னப் புத்தகமும், ஒரு மீட்டரும், கைநிறைய டிரான்சிஸ்டரும் வாங்கி வந்துவிட்டாள்.

அவள் போட்ட திட்டம் இதுதான். இரண்டு எஃகுக் கம்பிகளைக் குழிக்குள் தொங்கவிட வேண்டும். தண்ணீர் ஏறி இரண்டையும் சேர்த்துத் தொட்டால், தண்ணீர் வழியாக ஒரு துளி மின்சாரம் கசிந்து டிரான்சிஸ்டரின் பேஸ் என்கிற காலுக்குப் போகும். அந்தத் துளி போதும். மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே பெரிய மின்சாரம் திறந்துகொள்ளும், ரிலே என்கிற சின்ன சுவிட்ச் 'டிக்' என்று ஒட்டும், மோட்டார் ஓடும். மிதவை கிடையாது, முடி சுற்ற இடம் கிடையாது, யாரும் இறங்கவும் வேண்டாம்.

முதல் டிரான்சிஸ்டர் அரை மணி நேரத்தில் செத்துப்போனது. உதிரிபாகக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிலே நிக்கும்போது திருப்பி ஒரு உதை விடும். குறுக்கே டயோடு போட்டீங்களா?"

"போடலை."

"அப்ப உதை இவனுக்குத்தான். அடுத்தவனையாவது காப்பாத்துங்க."

டயோடு போட்டாள். பிழைத்தது. சர்க்யூட்டைக் குழியின் ஈரம் படாமல் எதிர்ச்சுவரில் திருகி வைத்தாள். குழியிலிருந்து அதுவரைக்கும் தரையோடு ஒரு இரட்டை வயர். நடுவில் இருந்த மேஜைக்கு அடியில் புகுந்து போனது. டாக்டரம்மா காலை உயர்த்தி வைக்கச் சொல்லியிருந்ததால், அண்ணனை மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டியைத் தள்ளி, காலை அதன்மேல் நீட்டி வைத்தாள். குழி அவன் கண்ணில்கூடப் படாத இடம். இனி இந்தக் காலுக்கு ஒன்றும் வராது என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை 10.20. தண்ணீர் கம்பிகளைத் தொட்டது. டிக். மோட்டார் ஓடியது. தண்ணீர் இறங்கியது. டிக். நின்றது. அண்ணன் உட்கார்ந்தபடியே "என்ஜினியரம்மா" என்று பெரிய கும்பிடாகப் போட்டான். அந்தப் பின் அறையில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் என்று அண்ணி சொல்கிறாள்.

அன்று மாலை 4.10. கடைக்கு யாரும் வராத நேரம். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. அண்ணன் வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து கண் அசந்திருந்தான். அண்ணி முன் அறையில் துணிகளுக்கு அடையாளத் துண்டு குத்திக்கொண்டிருந்தாள்.

டிக்.

மோட்டார் காய்ந்த தொண்டையோடு கத்த ஆரம்பித்தது. அண்ணி ஓடிப்போய் அணைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரும்பு மூடியைத் தூக்கினாள். தண்ணீர் ஒன்றரை அடி கீழே கிடந்தது. கம்பிகள் இரண்டும் காய்ந்து தொங்கின. இவ்வளவு சத்தத்திலும் அண்ணன் கண் திறக்கவில்லை. உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

மறுநாள் காலை கடைக்காரர் அவள் வரைந்து வந்த படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பேஸை அந்தரத்துல விட்டிருக்கீங்க. பக்கத்துல ஆள் நடந்தாக்கூட ஆன் ஆகும். புதுசா செய்யறவங்க எல்லாரும் பண்ற தப்புதான். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர் போடுங்க, அடங்கிடும்."

தப்பு தன்னுடையது என்று தெரிந்ததும் அண்ணிக்கு நிம்மதி. மதியம் இரண்டு மணிக்கு ரெசிஸ்டரைப் பற்றவைத்தாள். மோட்டாரை மறுபடி காய்ந்து ஓடவிடக் கூடாது என்று, ரிலேயில் ஒரு சின்னச் சிவப்பு பல்பை மட்டும் மாட்டினாள். சோதனை முடிகிற வரைக்கும் காலையும் மாலையும் மோட்டாரைக் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

புதன்கிழமை மாலை 4.12. டிக். சிவப்பு பல்பு எரிந்தது. இரண்டு நிமிடம் எரிந்தது. அண்ணி மூடியைத் தூக்கினாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. கம்பிகள் காய்ந்துதான் இருந்தன. மூடியைப் போட்ட பிறகும் நாற்றம் போகவில்லை. குழிப்பக்கத்தைவிட மேஜைப்பக்கம் அதிகமாக இருந்த மாதிரி தோன்றியது. துணி ஏதாவது ஈரத்தோடு கிடக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி வீட்டில் அண்ணன் காலைப் பார்த்தாள். கட்டு ஈரமாக இருந்தது. குழி நாற்றம் அடித்தது. டாக்டரம்மா போட்ட முடிச்சு பாதத்தின் வெளிப்பக்கம் இருந்தது. இப்போது உள்பக்கம் இருந்தது.

"எனக்குத் தெரியாம குழியில எறங்கினீங்களா?"

"இல்லை."

"அப்ப ஈரம் எப்படி வந்துச்சு?"

அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரித்தான். "எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியாதாக்கும்."

அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரல் போகப்போகிறது, இவனுக்குக் கிண்டல். "ரெண்டு விரலும் போனப்புறம் இதே மாதிரி சிரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கே இதைக் கேட்டபோது அண்ணன்மேல் கோபம் வந்தது.

வியாழக்கிழமை அண்ணி புத்தகத்தில் ஒரு பயிற்சியைப் பார்த்தாள். மீட்டரின் இரண்டு முனைகளைக் கையால் பிடித்தால், உடம்பு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று அது எண்ணாகக் காட்டும். பிடித்துப் பார்த்தாள். காய்ந்த கை, நானூறு கிலோ ஓமுக்கு மேல். கையை நனைத்துக்கொண்டு பிடித்தாள், முப்பத்தெட்டு. இறுக்கிப் பிடித்தாள், இருபத்திரண்டு. இறுக்க இறுக்க எண் இறங்கும். குழித் தண்ணீரில் கம்பிகளின் அளவை முதல் நாளே எடுத்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அது இரண்டு கிலோ ஓம்தான்.

அன்று மாலை 4.09. பல்பு எரிந்தது. நான்கு நிமிடம்.

இதற்கு மேல் சர்க்யூட்டைக் குறை சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கம்பிகளுக்கு நடுவே என்ன வருகிறது என்று அளந்தே பார்த்துவிடுவது என்று அண்ணி தீர்மானித்தாள்.

வெள்ளிக்கிழமை.

4.00. இரட்டை வயரைச் சர்க்யூட்டிலிருந்து கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் மீட்டரை மாட்டினாள். சுவரைப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் மேஜை. மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

4.06. மீட்டரில் வெறும் '1'. நடுவில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்.

4.08. குறட்டை நின்றது.

நாற்றம் வந்தது. அதே நாற்றம். இப்போது வெதுவெதுப்பாக வந்தது... யாரோ வாயைத் திறந்து மூச்சு விட்ட மாதிரி. அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

4.09. எண் வந்தது.

412... 180... 95...

38.

அங்கேயே நின்றது.

அண்ணி அந்த எண்ணையே பார்த்தாள். நேற்று இதே எண்ணைத் தன் கையால் வரவழைத்தவள். இது தண்ணீர் இல்லை. ஈரமான கை.

எழுந்து குழிக்கு ஓடினாள். மூடியைத் தூக்கினாள். கம்பிகள் காய்ந்து தொங்கின. பக்கத்தில் ஒன்றும் இல்லை. திரும்பி மீட்டரைப் பார்த்தாள்.

31.

கம்பிகளை வெளியே எடுத்தாள். அவற்றில் ஒட்டியிருந்த காய்ந்த அழுக்கு விரலிடுக்கில் உதிர்ந்தது. இரண்டு கம்பிகளையும் பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் முக்கினாள். எண் இரண்டுக்குப் போக வேண்டும்.

போகவில்லை.

31.

அப்படியென்றால் வயர் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. அண்ணி வயரைப் பிடித்து இழுத்தாள். தடையே இல்லாமல் வந்தது. மூன்று முழம் வந்தது. முனை வந்தது.

கத்தியால் அறுத்த முனை இல்லை. நசுங்கியிருந்தது. மென்று துப்பிய மாதிரி... மேலே சாம்பல் நிறத்தில் எச்சில்.

குழியிலிருந்து மூன்று முழம்.

மேஜைக்கு அடி.

மீட்டர் இந்த வயரில் இல்லை. மிச்ச வயரில் இருக்கிறது. சுவரிலிருந்து மேஜைக்கு அடி வரைக்கும் போகிற வயர். அதன் முனையைத்தான் ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது.

22.

பிடி இறுகுகிறது.

அண்ணி குனிந்தாள்.

மரப்பெட்டி. அதன்மேல் அண்ணனின் கால். கட்டு பிரிந்திருந்தது. பிரிந்த துணி பெட்டியோரம் வட்டமாக, ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. புண் ஈரத்தில் பளபளத்தது.

பெட்டிக்குப் பின்னால் இருட்டு.

இருட்டுக்குள் ஒரு சத்தம். மெல்ல... ஈரமாக...

19.

நின்றது.

வயரின் இரண்டு முனைகளும் தரையில் விழுந்தன. டப். டப்.

1.

4.13.

அண்ணி அவனைத் தோளோடு அள்ளித் தூக்கினாள். "என்னடி?" என்றான். "ஒண்ணுமில்லை, நடங்க" என்றாள். படி ஏறித் தெருவுக்கு வந்த பிறகுதான் ஒரு சுத்தமான துண்டை அவன் காலில் சுற்றினாள். புண்ணைப் பார்க்காமலே சுற்றினாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வாய் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போலிருந்தது என்றாள் என்னிடம்.

ஷட்டரை இழுத்துப் பூட்டியது அவள்தான். மெஷின்களை எடுக்க ஆட்களை அனுப்பினோம். மேஜையை எடுக்க வேண்டாம் என்று அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அடியில் என்ன இருந்தது என்று அந்த ஆட்களிடம் நான் கேட்டேன். ஒன்றும் இல்லை, நாற்றம்தான் தாங்க முடியவில்லை என்றார்கள். வயரைப் பிடித்திருந்தது என்ன, எங்கிருந்து வந்தது, ஏன் அந்த நேரத்தில் மட்டும் வந்தது... எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை 9.30க்கு டாக்டரம்மா துண்டைப் பிரித்தார். ஒரு முறை பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். விளக்கை இழுத்து மூன்றாவது முறை பார்த்தார்.

"கட்டைப் பிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன். யாரு பிரிச்சது?"

டாக்டரம்மா புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார்.

"யாரு சுத்தம் பண்ணது? திட்டறதுக்குக் கேக்கலை. கெட்டுப்போன சதை ஒரு துளிகூட இல்லை. நான் கத்தி வச்சு எடுத்திருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது. விரலை எடுக்க வேண்டாம். புண் ஆறுது."

கேட்க வேண்டும் என்று அண்ணி ஒரு வாரமாக வேண்டிக்கொண்ட வார்த்தை அது.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "இவளைத் திட்டாதீங்க டாக்டர். எனக்காகத்தான் பண்ணா. செவ்வாய்க்கிழமையிலிருந்து தினம் மேஜைக்கு அடியில உக்காந்து, கட்டைப் பிரிச்சு, சுத்தம் பண்ணி, திருப்பிக் கட்டிவிடுவா. நீங்க வேண்டாம்னு சொன்னதால ரகசியமாப் பண்றான்னு நானும் கண்ணைத் திறக்காம தூங்கற மாதிரியே இருந்துட்டேன்."

"நான் இல்லைங்க" என்றாள் அண்ணி.

"நீ இல்லாம வேற யாரு? தினமும் உன் தலையைத் தடவிக் குடுத்தேனே. சோப்புத் தண்ணி பட்ட மாதிரி கொழகொழன்னு இருந்துச்சு. பாவம், வேலை நடுவுல வந்திருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே, அந்தக் கையை எடுத்து அண்ணியின் கன்னத்தில் வைத்தான்.